தர்ஷனுக்குக் கொடுத்த ஜாமீனும் பறித்த ஜாமீனும்: புதுச்சேரி கோர்ட் பக்கமிருந்து ஒரு பதில்

காலாப்பட்டு சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் கடலூர் முதுநகர்த் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: “கன்னட நடிகர் தர்ஷனுக்கு உயர் நீதிமன்றம் தந்த ஜாமீனை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது சரியா அண்ணா? சரி என்றால், நம் ஊரில் விசாரித்த சங்கரராமன் கொலை வழக்கில் ஜெயேந்திரருக்கு அதே உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது எப்படி? ஆளைப் பார்த்துத்தான் சட்டமா? தர்ஷன் இனிமேல் ஜாமீனே கேட்க முடியாதா?” இதை வைத்து வகுப்பில் இரண்டு நாளாகச் சண்டையாம்.

சண்டை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கடலூரிலும் புதுச்சேரியிலும் கிரிமினல் வழக்கு நடத்தி என் தலை நரைத்துவிட்டது. இன்றைக்கும் கட்சிக்காரரின் அம்மாவுக்கு, “ஜாமீன் கிடைத்துவிட்டது என்றால் கேஸ் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை” என்பதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. தொலைக்காட்சியில் உட்கார்ந்து பேசுகிறவர்களும் அதே குழப்பத்தில்தான் இருக்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரத்து சரி. ஆனால் அந்தத் தீர்ப்பில் ஓர் இடம் எனக்கு நெருடுகிறது. அதைச் சொல்வதற்கு முன் வழக்கின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

2024 ஜூன் 8. சித்ரதுர்காவில் மருந்துக் கடையில் வேலை பார்த்துவந்த 33 வயது இளைஞர், தர்ஷனின் ரசிகர். தர்ஷனுக்கு நெருக்கமான பவித்ரா கவுடாவுக்கு ஆபாசச் செய்திகள் அனுப்பினார் என்பதற்காக அவரைக் கடத்திப் பெங்களூருக்குக் கொண்டுவந்து, பட்டணகெரேயில் ஒரு ஷெட்டில் வைத்து அடித்தே கொன்றார்கள் என்பது போலீஸ் தரப்பு. மறுநாள் காலை கால்வாய் ஓரத்தில் உடல் கிடைத்தது. நான்கு பேர் தாங்களாகவே ஸ்டேஷனுக்கு வந்து, பணத் தகராறில் நாங்கள்தான் செய்தோம் என்றார்கள். போலீஸுக்கு அந்தக் கதை ஒட்டவில்லை. ஜூன் 11 அன்று தர்ஷனை மைசூரில் கைது செய்தார்கள். மொத்தம் 17 பேர். குற்றம் சாட்டப்பட்டோர் பட்டியலில் பவித்ரா ஏ-1, தர்ஷன் ஏ-2.

ஆகஸ்டில் பரப்பன அக்ரஹாரா சிறையிலிருந்து ஒரு படம் வெளியே வந்தது. புல்வெளியில் நாற்காலி, கையில் சிகரெட், பக்கத்தில் ஒரு ரவுடி. நாடே பார்த்தது. தர்ஷனைப் பல்லாரி சிறைக்கு மாற்றினார்கள். அக்டோபர் 14 அன்று செஷன்ஸ் கோர்ட் ஜாமீன் மறுத்தது. அக்டோபர் 30 அன்று, முதுகுத்தண்டு அறுவை சிகிச்சைக்காக என்று உயர் நீதிமன்றம் ஆறு வாரம் இடைக்கால ஜாமீன் தந்தது. டிசம்பர் 13 அன்று அதே உயர் நீதிமன்றம் முறையான ஜாமீனும் தந்தது. கர்நாடக அரசு மேல்முறையீட்டுக்குப் போக, 2025 ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு அந்த ஜாமீனை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன மகாதேவன். அன்றைக்கே தர்ஷன் மறுபடி உள்ளே.

உங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஒரு விஷயத்தைக் கோட்டைவிட்டிருப்பார்கள். ஜாமீனைப் பறிப்பதில் இரண்டு வகை உண்டு. வெளியே வந்தவன் சாட்சியை மிரட்டுகிறான், வாய்தாவுக்கு வராமல் டிமிக்கி கொடுக்கிறான், வேறொரு குற்றம் செய்கிறான் என்றால், அவன் நடத்தைக்காக ரத்து செய்வது ஒன்று. ஜாமீன் கொடுத்த உத்தரவே அஸ்திவாரம் இல்லாதது என்று மேல் கோர்ட் அதைத் தூக்கிப் போடுவது இன்னொன்று. இரண்டாவதற்கு வெளியே வந்தவன் ஒரு தப்பும் செய்திருக்க வேண்டியதில்லை. “அவர் ஒழுங்காகத்தானே இருந்தார், ஏன் ரத்து?” என்று ரசிகர்கள் கேட்டது முதல் வகைக்கான கேள்வி. நடந்ததோ பெரும்பாலும் இரண்டாவது.

உயர் நீதிமன்ற உத்தரவில் என்ன கோளாறு? ஜாமீன் மனுவில் நீதிபதி பார்க்க வேண்டியது மேலோட்டம். குற்றம் எவ்வளவு கொடியது, முதல் பார்வைக்கு ஆதாரம் இருக்கிறதா, ஆள் ஓடிவிடுவானா, சாட்சியைக் கலைப்பானா. இந்த நான்கையும் தராசில் வைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். அங்கே நடந்ததோ, சாட்சி வாக்குமூலம் ஏன் தாமதம், கைப்பற்றிய பொருளில் என்ன ஓட்டை என்று விசாரணை முடிந்த பிறகு செய்ய வேண்டிய வேலை. விடுதலைத் தீர்ப்பு மாதிரி இருக்கிறது என்கிற பொருளில் உச்ச நீதிமன்றம் ஜூலையிலேயே கடிந்துகொண்டது. ஓட்டையைத் தேடிய கோர்ட் எதிர்ப்பக்கம் இருந்த சிசிடிவி பதிவு, செல்போன் அழைப்பு விவரம், தடயவியல் அறிக்கை ஆகியவற்றுக்கு உரிய எடை தரவில்லை. அறுவை சிகிச்சைக்கென்று வெளியே வந்தவருக்கு அது நடக்கவே இல்லை என்பதையும் உச்ச நீதிமன்றம் கவனித்தது. எங்கள் வக்கீல் சங்க அறையில் ஒரு மூத்தவர் சொன்னார்: “மெடிக்கல் கிரவுண்டில் வெளியே வந்தவன் கொஞ்ச நாளாவது இருமிக்கொண்டாவது இருக்கணும்ப்பா.”

இனி எனக்கு நெருடுகிற இடம். கைதுக்கான காரணத்தை எழுத்தில் தரவில்லை என்பது உயர் நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று. அரசியலமைப்புச் சட்டத்தின் 22ஆவது பிரிவு, கைதாகிறவனுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும் என்கிறது. 2023 அக்டோபரில் பங்கஜ் பன்சால் வழக்கிலும், 2024 மே மாதம் பிரபீர் புர்காயஸ்தா வழக்கிலும், அதை எழுத்தில் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. தர்ஷன் தரப்பு பிடித்துக்கொண்டது அதைத்தான். உச்ச நீதிமன்றமோ, இவர்களுக்கு முதல் நாளிலிருந்தே வக்கீல் இருந்தார், எதற்காகக் கைது என்று தெரிந்திருந்தது, எழுத்தில் தராததால் என்ன பாதிப்பு என்று காட்டவில்லை, ஆகவே அது மட்டும் ஜாமீனுக்குப் போதாது என்றது.

தர்ஷனைப் பொறுத்தவரை அது சரியாகவே இருக்கலாம். பெரிய பெரிய வக்கீல் வைத்திருப்பவருக்குக் காகிதம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? ஆனால் அந்த வரி தர்ஷனோடு நிற்காது. மறுநாளே சிதம்பரத்திலோ பாகூரிலோ ஓர் அரசு வக்கீல் அதை எடுத்து, ராத்திரி இரண்டு மணிக்கு லுங்கியோடு தூக்கிவந்த பையனுக்கு எதிராகப் படிப்பார். “என்ன பாதிப்பு என்று காட்டு.” அவன் எப்படிக் காட்டுவான்? நல்லவேளையாக 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றமே இதை நேர்செய்தது. எந்தக் குற்றமானாலும், கைதானவருக்குப் புரிகிற மொழியில், எழுத்தில் காரணம் தர வேண்டும். உடனே முடியாத நிலை என்றாலும் ரிமாண்டுக்காக மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவாவது தந்தாக வேண்டும். தேர்வுக்கு எழுதும்போது இரண்டு தீர்ப்பையும் சேர்த்து எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் பாதி விடைதான்.

அடுத்தது ஜெயேந்திரர். 2004 செப்டம்பர் 3 அன்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள்ளேயே, அலுவலகத்தில் வைத்து மேலாளர் சங்கரராமனை வெட்டினார்கள். நவம்பர் 11, தீபாவளி ராத்திரி, ஆந்திராவின் மகபூப்நகரில் காஞ்சி மடாதிபதி கைதானார். அப்போது உங்களுக்கு வயது என்ன என்று தெரியவில்லை, பிறந்திருக்கவே மாட்டீர்கள். அந்த நாட்களில் டீக்கடை பெஞ்சில் இருந்த சூட்டை இன்றைய சமூக ஊடகச் சண்டையோடு ஒப்பிடவே முடியாது. “சட்டத்துக்கு முன்னால் சாமியாரும் ஒன்றுதான்” என்று ஒரு பக்கம், “இந்து மதத்தின் மீதே கைவைத்துவிட்டார்கள்” என்று ஒரு பக்கம். சென்னை உயர் நீதிமன்றம் இரண்டு முறை ஜாமீன் மறுத்தது. 2005 ஜனவரி 10 அன்று தலைமை நீதிபதி லகோத்தி தலைமையிலான அமர்வு ஜாமீன் கொடுத்தது. அன்றே இளைய மடாதிபதி விஜயேந்திரர் கைது. ஒரே நாளில் ஒருவருக்கு வெளியே வர வழி, இன்னொருவருக்கு உள்ளே போக வழி.

உச்ச நீதிமன்றம் அன்று பார்த்ததும் அதே தராசைத்தான். ஆனால் தட்டில் இருந்தது வேறு. ஜெயேந்திரருக்கு எதிராக அரசு வைத்ததில் முக்கியமானது உடன் குற்றம் சாட்டப்பட்டவர்களின் ஒப்புதல் வாக்குமூலம். அதை மட்டும் வைத்து ஒருவரைப் பிடித்துவைக்க முடியாது என்பது பழைய சட்டம். கூலிப்படைக்குப் பணம் போனது என்பதற்குக் காட்டிய வங்கிக் கணக்குக் கதையும் அந்தக் கட்டத்தில் நிற்கவில்லை. தர்ஷன் வழக்கில் இருப்பதாகச் சொல்லப்படும் கேமரா பதிவும் தடயவியல் அறிக்கையும் வேறு ஜாதி ஆதாரம். எனவே “ஒருவருக்குக் கொடுத்தாய், இன்னொருவருக்கு மறுத்தாய்” என்பது இங்கே வாதமாகாது. ஆளைத் தள்ளிவைத்துவிட்டு வழக்குக் கட்டை மட்டும் படித்தாலும் இரண்டு முடிவும் நிற்கும்.

அந்த ஜாமீனில் ஒரு நிபந்தனை: குற்றப்பத்திரிகை தாக்கலாகும் வரை மடத்துக்குள் காலடி வைக்கக் கூடாது. மடாதிபதிக்கு மடம் கூடாது! நிபந்தனை ஜாமீன் என்றாலே எனக்கு நம் கடலூர்ச் சிறையும் பாரதியும் ஞாபகத்துக்கு வருவார்கள். 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்தவரைப் பிடித்துக் கடலூர்ச் சிறையில் மூன்று வாரத்துக்கும் மேல் வைத்திருந்தார்கள். விட்டபோது, எழுதுவதைப் போலீஸிடம் காட்டிவிட்டுத்தான் அச்சிட வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டார்கள். கவிஞனுக்குப் பேனா கூடாது, மடாதிபதிக்கு மடம் கூடாது. நிபந்தனை போடுகிறவர்களுக்கு எங்கே வலிக்கும் என்பது எப்போதும் தெரிந்திருக்கிறது.

தமிழ்நாட்டு அரசு இயந்திரம் அளவுக்கு மீறி வேகம் காட்டியது. மடத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கினார்கள், உடன் குற்றம் சாட்டப்பட்டவர்கள் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது. 2005 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கைப் புதுச்சேரிக்கு மாற்றியது. செங்கல்பட்டில் நடக்க வேண்டியது நம் ஊருக்கு வந்தது இப்படித்தான்.

2013 நவம்பர் 27, புதன்கிழமை. வேறொரு வாய்தாவுக்காக நான் அன்று கோர்ட் வளாகத்தில் இருந்தேன். கடலூர் சாலை முழுக்கக் காக்கி, உள்ளே போக அடையாள அட்டை காட்டியும் அரை மணி நேரம் ஆனது. வழக்கில் 24 பேர், ஒருவர் தீர்ப்புக்கு முன்பே கொலையுண்டார், மீதி 23 பேரும் விடுதலை. எல்லாருக்கும் நினைவிருப்பது அந்த விடுதலைதான். நான் நினைவில் வைத்திருப்பது இன்னொரு கணக்கு: சாட்சி சொன்னவர்கள் 189 பேர், அதில் 83 பேர் பிறழ் சாட்சி. போலீஸிடம் ஒன்று சொல்லிவிட்டுக் கூண்டில் ஏறி வேறொன்று சொன்னவர்கள்.

அதற்கு ஜாமீனைக் காரணம் சொல்வது நியாயமில்லை. போலீஸ் முதலில் எழுதிக்கொண்டதே பொய்யாக இருந்தாலும் சாட்சி பிறழத்தான் செய்வான். எட்டு ஒன்பது வருஷம் இழுத்தாலும் பிறழ்வான், பயத்திலும் பிறழ்வான், சலிப்பிலும் பிறழ்வான். ஆனால் பிரபலம் சம்பந்தப்பட்ட கொலை வழக்கில் ஜாமீனைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இந்த 83 பற்றித்தான் என்பது என் பிடிவாதம். இவர் உள்ளே இருக்க வேண்டுமா, வெளியே இருக்க வேண்டுமா என்று மாதக்கணக்கில் சண்டை போடுகிறோம். சாட்சி எங்கே இருக்கிறான், வேலைக்குப் போகிறானா, வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று யாரும் கேட்பதில்லை. 2018 டிசம்பரில் மகேந்தர் சாவ்லா வழக்கில் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தையே சட்டமாக்கியது உச்ச நீதிமன்றம். மாவட்ட நீதிபதி தலைமையில் குழு. சாட்சி மனு கொடுத்தால் போலீஸ் ஆபத்தை மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டும். அதைப் பொறுத்து வீட்டுக்குக் காவல், புது போன் எண், தேவையென்றால் இடமாற்றம் வரை போகலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் மாநிலங்கள் இப்படியொரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. என் கட்சிக்காரர்களின் எதிர்த்தரப்புச் சாட்சிகளில் அந்த மனுவின் பெயரையாவது கேள்விப்பட்டவர் ஒரு கை விரலுக்குள் அடங்குவர்.

தர்ஷன் வழக்கில் சாட்சிக்கு இருக்கும் நெருக்கடி என்னவென்று நடிகை ரம்யா விஷயத்தைப் பார்த்தால் தெரியும். சூர்யா, தனுஷ் படங்களில் இங்கேயும் நடித்தவர்தான். 2025 ஜூலையில், இந்த வழக்கு சாமானியருக்கும் நீதி கிடைக்கும் என்கிற நம்பிக்கையைத் தருகிறது என்கிற மாதிரி ஒரு பதிவு போட்டார். அவ்வளவுதான். தர்ஷன் ரசிகர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் ஆபாசமாகவும் மிரட்டியும் கொட்டித் தீர்த்தார்கள். அவர் பெங்களூர் கமிஷனரிடம் புகார் கொடுத்தார், கைதுகள் நடந்தன. ஒரு பெண்ணுக்கு ஆபாசச் செய்தி போனது என்பதில் தொடங்கிய வழக்கு இது என்பதை அந்த ரசிகர்களில் ஒருவராவது யோசித்தாரா? முன்னாள் எம்.பி., திரையில் தெரிந்த முகம், அவருக்கே இந்தக் கதி. ஷெட்டில் காவல் இருந்த ஆளையும், கார் ஓட்டிய ஆளையும் நினைத்துப் பாருங்கள்.

ஆளைப் பார்த்துத்தான் சட்டமா என்று கேட்டீர்களே. ஆமாம், ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. டிசம்பரில் ஜாமீன் கிடைத்தது ஏழு பேருக்கு, ஆகஸ்டில் பறிபோனதும் ஏழு பேருக்கு. தர்ஷன், பவித்ரா தவிர மீதி ஐந்து பேரின் பெயரை உங்கள் வகுப்பில் யாராவது சொல்வார்களா?

ஜாமீன் உத்தரவில் பணக்காரன் ஏழை என்று எழுதியிருக்காது. எழுதாத இடம் ஜாமீன்தாரர். கடலோரக் கிராமம் ஒன்றில் நடந்த மோதல் வழக்கு, பெயர் வேண்டாம். விசைப்படகில் கூலிக்குப் போகிற பையன் பதினோராம் எதிரி. உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் வாங்கிவிட்டேன். “தலா 10,000 ரூபாய்க்கு இரு நபர் ஜாமீன், தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து.” உத்தரவு கையில் இருந்தும் அவன் மேலும் நாற்பது நாள் காலாப்பட்டு சிறையில் இருந்தான். அக்கா வீட்டுக்காரர் வரி ரசீதோடு வந்தார், வீடு முள்ளோடைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லை. உள்ளூர் ஆள் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நடந்தே போகிற தூரம்! 1978இல் மோத்திராம் என்ற கொத்தனாரின் வழக்கில் இதே கதைதான். சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று மறுத்தார்கள். ஒரு தமிழன் போர்ட் பிளேரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால் அங்கே சொத்துள்ளவனை எங்கே போய்த் தேடுவான் என்று நீதிபதி கிருஷ்ணய்யர் கேட்டார். நான் அந்தத் தீர்ப்பின் நகலைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள். 2023இல் உச்ச நீதிமன்றம், ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் வெளியே போகாதவர் இருந்தால் சிறை அதிகாரி சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதம் தாண்டினால் கோர்ட் நிபந்தனையைத் தளர்த்திப் பார்க்கலாம் என்றது. நாட்டில் சிறையில் இருப்போரில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள் என்று 2022ஆம் ஆண்டின் அரசுக் கணக்கே சொல்கிறது. சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் வாரம் ஒரு நாள், ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்களின் பட்டியலோடு உட்கார்ந்தால் போதும், எத்தனையோ பேர் வெளியே வருவார்கள். அதற்கு யாரும் வகுப்பில் சண்டை போடுவதாகத் தெரியவில்லை.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். தர்ஷன் மறுபடி ஜாமீன் கேட்கலாம். ரத்தானது அந்த உத்தரவுதான், அவருடைய உரிமை இல்லை. ஆனால் பழைய காரணங்களையே திருப்பிப் போட்டுக்கொண்டு போனால் வாசலிலேயே நிறுத்துவார்கள். சூழ்நிலையில் மாற்றம் காட்ட வேண்டும். 2025 நவம்பர் 3 அன்று 17 பேர் மீதும் குற்றச்சாட்டு வனையப்பட்டது, எல்லாரும் மறுத்துவிட்டார்கள். முக்கிய சாட்சிகளின் விசாரணை முடிந்துவிட்டால் “கலைப்பார்” என்கிற வாதம் பலமிழக்கும். விசாரணை ஆமை வேகத்தில் போனால் உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவைக் காட்டித் தாமதத்துக்காகவே கேட்கலாம். கடுமையான சிறப்புச் சட்டங்களில் கூட உச்ச நீதிமன்றம் அப்படிக் கொடுத்திருக்கிறது, 2021இல் வந்த கே.ஏ. நஜீப் தீர்ப்பைப் படியுங்கள். ஆக அரசு தரப்புக்கு வேண்டியது வேகம். சாட்சிகளை வரிசையாக ஏற்றி இறக்கினால், ஜாமீன் கிடைத்தாலும் வழக்கு தாங்கும். இழுத்தால், ஜாமீன் கிடைக்காவிட்டாலும் தாங்காது.

செவ்வாய்க்கிழமை கடலூர் சாலைக் கோர்ட்டில் எனக்கு மூன்று ஜாமீன் மனு இருக்கிறது. மூன்றிலும் பிரபலம் யாரும் இல்லை. பத்து மணிக்கு வந்தால் பின் பெஞ்சில் இடம் இருக்கும்.